வாசலுக்கு வெளியே ஓடும் கால்வாய் யாருடையது? புதிய குடியிருப்பில் வீடு வாங்குவோர் அறிய வேண்டியவை

புது வீட்டுக்குச் சாவி வாங்கும் நாளில் சுவரைத் தட்டிப் பார்க்கிறோம், குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கிறோம், தரை ஓடு ஆடுகிறதா என்று மிதித்துப் பார்க்கிறோம். வாசலுக்கு வெளியே ஓடும் கால்வாயை இனி யார் தூர்வாருவார், பின்பக்கத்து மேட்டைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் யாருடைய பொறுப்பு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அம்பாங் வட்டாரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளான், தாமான் ஹில்வியூவில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் மூன்று கட்டடங்களில் ஒன்று அடியோடு சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். பின்னால் இருந்த மலைச்சரிவில் மழைநீரை வழிநடத்தப் போதிய வடிகால் இல்லாததும், நீர் தேங்கித் தடுப்புச் சுவர்கள் சரிந்ததும் காரணங்களில் முதன்மையானவை என்று விசாரணைகள் கூறின. அதன் பிறகும் அந்த வட்டாரத்தில் மண் சரிவது நிற்கவில்லை. 2002 நவம்பரில் அதே தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா புதைந்து 8 பேர் இறந்தனர். 2006 மே மாதம் கம்போங் பாசிரில் 4 உயிர்கள் போயின. 2008 டிசம்பர் 6 அன்று புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் அழிந்தன. 2022 மார்ச் 10 அன்று அம்பாங், தாமான் புக்கிட் பெர்மாயில் மேலும் 4 பேர் மண்ணுக்குள் மாண்டனர்.

வடிகால், சாலை, தடுப்புச் சுவர், கழிவுநீர்க் குழாய் ஆகிய அடிப்படை வசதிகளை யார் கட்டுகிறார், எந்தப் பணத்தில் கட்டுகிறார், கட்டிய பின் யார் பராமரிக்கிறார் என்பது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய கணக்கு அன்று. வீடு வாங்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அது.

பணம் எங்கிருந்து வருகிறது?

அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் 1992 ஜூலை 1 அன்று அமைந்தது. பக்கத்தில் உள்ள ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, கிள்ளான் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மாநகராட்சித் தகுதி பெற்றன. அம்பாங் ஜெயா இன்னும் நகராண்மைக் கழகம்தான். இத்தகைய கழகம் ஒரு புதிய வீடமைப்புப் பகுதிக்குச் சாலையும் கால்வாயும் போடத் தன் கையிலிருந்து பணம் எடுப்பதில்லை. நம் நாட்டு முறைப்படி குடியிருப்புக்குள் வரும் சாலை, கால்வாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர் அமைப்பு அனைத்தையும் மேம்பாட்டாளர் தம் செலவில் கட்ட வேண்டும். அவர் அந்தச் செலவை வீட்டு விலையில் சேர்த்துவிடுகிறார். ஆக, உண்மையில் பணம் கட்டுவது வாங்குபவர்தான்.

1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் தரை வீடுகளுக்கு ‘ஜி’ அட்டவணை ஒப்பந்தம் பயன்படுகிறது. அதில் உள்ள கட்டண அட்டவணையைப் புரட்டினால் இது எண்களாகவே தெரியும். கழிவுநீர் வேலை முடிந்ததும் விலையில் 5 விழுக்காடு, கால்வாய் முடிந்ததும் 2.5 விழுக்காடு, சாலை முடிந்ததும் 2.5 விழுக்காடு கட்ட வேண்டும். 500,000 ரிங்கிட் வீடு என்றால் இந்த மூன்றுக்கும் சேர்த்து 50,000 ரிங்கிட் நம் கடனிலிருந்து போகிறது. இவ்வளவு கொடுத்த பிறகு அந்தக் கால்வாய் தரமாக இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.

குடியிருப்புக்கு வெளியே ஏற்படும் சுமைக்கும் மேம்பாட்டாளர் பங்களிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 132ஆம் பிரிவு ஒவ்வொரு ஊராட்சி மன்றத்திலும் மேம்பாட்டுச் சேவை நிதி ஒன்றை வைத்திருக்க வழி செய்கிறது. சாலையை அகலப்படுத்தவும் வடிகாலை மேம்படுத்தவும் மேம்பாட்டாளர்கள் கட்டும் தொகை அதில் சேர்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டமோ நிலத்தின் பயன்பாடோ அடர்த்தியோ கூட்டப்பட்டு மதிப்பு உயரும்போது மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க அதிகாரம் தருகிறது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பங்களிப்புகள் உண்டு.

வீடுகள் நிறைந்த பிறகு வருவது மதிப்பீட்டு வரி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆண்டுக்கு இரு முறை கட்டும் இந்த வரிதான் நகராண்மைக் கழகத்தின் முதுகெலும்பு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி அது வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கழகம் கடன் வாங்கவும் முடியாது. சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் மானியமும் ‘மாரிஸ்’ எனும் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்கே கிடைக்கும்.

ஒரு புதிய தாமான் எழும்பினால் கழகத்தின் வரி வருமானம் கூடும். கூடவே அந்தச் சாலைகள், கால்வாய்கள், தெருவிளக்குகள் எல்லாவற்றையும் காலகாலத்துக்கும் பராமரிக்கும் செலவும் வந்து சேரும். மேட்டில் புதிய கான்கிரீட் தரை விரியும்போது பள்ளத்தில் உள்ள பழைய தாமான்களின் கால்வாய்க்குத் தண்ணீர் அதிகமாக வரும். அதனால்தான் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ வழிகாட்டி 2001 முதல் புதிய குடியிருப்புகள் மழைநீரைத் தம் எல்லைக்குள்ளேயே தேக்கிவைத்து மெதுவாக வெளிவிட வேண்டும் என்கிறது. அந்தத் தேக்கக் குளம் வரைபடத்தில் மட்டும் இருந்தால் அதன் விலையைப் பக்கத்துத் தாமான்காரர்கள் வெள்ளமாகக் கட்டுவார்கள்.

மற்ற நாடுகளிலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் புறநகர்க் குடியிருப்புகளுக்கென்றே தனி வட்டாரம் அமைத்துப் பத்திரம் விற்றுக் குழாயும் வடிகாலும் போடுகிறார்கள். அந்தக் கடன் வீட்டுக்காரரின் வரிச் சீட்டில் தனி வரியாகவே தெரியும். தமிழ்நாட்டில் சாலையும் வடிகாலும் இல்லாமல் அங்கீகாரமற்ற மனைகள் விற்றுத் தீர்ந்த பிறகு, 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தத் தனி விதிகளே தேவைப்பட்டன. நம் நாட்டில் இந்தச் செலவு விலைக்குள் மறைந்திருப்பதால், நாம் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததைக் கேட்டு வாங்கவும் முடிவதில்லை.

ஒப்படைப்பில் விழும் ஓட்டை

மேம்பாட்டாளர் கட்டி முடித்த சாலையையும் கால்வாயையும் நகராண்மைக் கழகம் சோதித்து, தரம் சரியாக இருந்தால் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். கழிவுநீர் அமைப்பை இண்டா வாட்டரும், குடிநீர்க் குழாயை ஆயர் சிலாங்கூரும் ஏற்க வேண்டும். இதுதான் ஒப்படைப்பு. அதுவரை பராமரிப்பு மேம்பாட்டாளரின் கையில் இருக்கும். குப்பை அள்ளுதல், கால்வாய் துப்புரவு, புல் வெட்டுதல் ஆகியவற்றுக்கு நியாயமான பங்கை வீட்டுக்காரர்களிடம் கேட்க ஒப்பந்தம் அவருக்கு இடம் தருகிறது.

ஒப்படைப்பு இழுத்துக்கொண்டே போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. கழகத்திடம் போனால் இன்னும் எங்களிடம் வரவில்லை என்பார்கள். மேம்பாட்டாளரிடம் போனால் கட்டி முடித்துவிட்டோம் என்பார்கள். நிறுவனம் நொடித்துப் போனால் கதவைத் தட்டக்கூட ஆள் இருக்காது. பதிவேட்டில் ஏறாத சாலைக்கு மானியமும் வராது. குழி விழுந்த சாலைக்கும் அடைத்துக்கொண்ட லோங்காங்குக்கும் நடுவில் வாழும் குடும்பம் வீட்டு விலையில் ஒரு முறை, மதிப்பீட்டு வரியில் மறுமுறை, கடைசியில் அக்கம்பக்கத்தாரிடம் வசூல் செய்து மூன்றாம் முறை என ஒரே கால்வாய்க்குப் பணம் கட்டுகிறது.

அடுக்குமாடி வாங்குவோர் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வேலிக்குள் இருக்கும் சாலை, கால்வாய், தடுப்புச் சுவர் ஆகியவை கூட்டுச் சொத்து. அவை எந்நாளும் நகராண்மைக் கழகத்துக்குப் போவதில்லை. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அவற்றைப் பேணுவது வீட்டு உரிமையாளர்களின் கடமை. மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணமும் அதன் மேல் வாங்கும் சேமநிதியும்தான் அதற்கான பணம். மலைச்சரிவில் நிற்கும் அடுக்குமாடியில் அந்தச் சரிவைக் காக்கும் செலவும் குடியிருப்பாளர்கள் தலையில்தான். விலை குறைவு, காட்சி அழகு என்று வாங்குகிறவர்கள் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, சரிவைப் பொறியாளர் கடைசியாக எப்போது சோதித்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

நீதிமன்றம் சொன்ன கசப்பான உண்மை

ஹைலண்ட் டவர்ஸில் இடியாமல் நின்ற மற்ற இரு கட்டடங்களின் உரிமையாளர்களும் வீட்டை இழந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் 15 விழுக்காடு பொறுப்பு உண்டு என்றது. 2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது, வேலையைச் சோதிப்பது ஆகியவற்றுக்காக ஊராட்சி மன்றத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95(2) பிரிவு பாதுகாப்பு அளிப்பதாகத் தீர்ப்பு வந்தது. இடிந்த பிறகு அந்தப் பகுதிக்கு முழுமையான வடிகால் திட்டம் வகுக்கத் தவறியதற்கும் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. கழகத்தின் பணம் ஊர் மக்களின் அடிப்படைத் தேவைகளுக்கு உரியது, சிலருடைய பொருளிழப்பை ஈடுகட்டுவதைவிட அதுவே முதலில் வரும் என்ற வாதமும் தீர்ப்பில் இருந்தது.

இந்தத் தீர்ப்பை வருந்தியபடி ஒதுக்கிவிட முடியாது. அதிலிருந்து பாடம் படிக்க வேண்டும். அசம்பாவிதம் நடந்த பிறகு கழகத்திடம் இழப்பீடு வாங்கும் வழி மிகக் குறுகலானது. நம் உரிமைகள் பலமாக இருப்பது அதற்கு முன்னால்தான். திட்டத்துக்கு ஒப்புதல் தரும் நேரம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நேரம், சாவி வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் ஆகிய மூன்று கட்டங்களையும் கைநழுவ விடக் கூடாது.

முதல் கட்டம்: திட்டம் வரும்போது

உங்கள் வீடு யாருடைய எல்லையில் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். அம்பாங் என்ற பெயர் இரு பக்கமும் உண்டு. அம்பாங் ஹிலிர் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. அம்பாங் பாயிண்ட், பாண்டான் இண்டா, லெம்பா ஜெயா, உலு கிள்ளான் ஆகியவை சிலாங்கூரில், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழ் உள்ளன. சட்டமும் அலுவலகமும் எல்லைக்கு ஏற்ப மாறும்.

பக்கத்து நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பதைச் சொல்லும் உள்ளூர்த் திட்டம் வரைவாக வெளியாகும்போது, அதைப் பார்வையிட்டு எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் புதிய கட்டுமானத்துக்கு விண்ணப்பம் வந்தால், ஒட்டியுள்ள நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தர வேண்டும். தலைநகரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் எழவிருந்த அடுக்குமாடித் திட்டத்தைச் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்று ஏற்று, திட்ட ஒப்புதலை ரத்து செய்தது. பக்கத்து வீட்டாரின் குரலுக்குச் சட்டத்தில் எடை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிலாங்கூர்வாசிகளுக்கு இன்னொரு கருவியும் உண்டு. 2011ஆம் ஆண்டு சிலாங்கூர் தகவல் சுதந்திரச் சட்டப்படி, மாநில அரசிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் உள்ள ஆவணங்களை விண்ணப்பித்துக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. திட்ட ஒப்புதலில் என்னென்ன நிபந்தனைகள் போட்டார்கள், சரிவு எந்த வகையைச் சேர்ந்தது, மேம்பாட்டுச் சேவை நிதிக்கு எவ்வளவு கட்டப்பட்டது என்றெல்லாம் கேட்கலாம். சரிவு 25 பாகைக்கு மேல் போனால் மூன்றாம் வகை, 35 பாகையைத் தாண்டினால் நான்காம் வகை. இரண்டும் ஆபத்தானவை. நகராண்மைக் கழகக் கூட்டம் தனியாக வேறு தீர்மானம் செய்தாலொழிய பொதுமக்களுக்குத் திறந்ததுதான். போய் உட்காரலாம். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, பிறகு சட்டத்திலிருந்தே எடுபட்டுவிட்டது. கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்குச் சீட்டால் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் கேள்வி கேட்பதும் ஆவணம் கேட்பதுமே நம் கையில் உள்ள ஆயுதம்.

இரண்டாம் கட்டம்: கையெழுத்திடும் முன்

மேம்பாட்டாளருக்கு உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்கிறதா என்று வீடமைப்பு அமைச்சின் ‘தெடு’ இணையத் தளத்தில் பாருங்கள். சட்டம் வகுத்த ஒப்பந்தப் படிவத்தைத் தவிர வேறு தாளில் கையெழுத்திடாதீர்கள். ‘இலவச வழக்கறிஞர்’ என்று விளம்பரத்தில் வருபவர் மேம்பாட்டாளருக்காக வேலை செய்பவர். வீடு வாங்குபவருக்கும் அவரே வழக்கறிஞராக இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தைப் பெற்றோருக்குப் புரியும்படி வீட்டில் பிள்ளைகள் வரிவரியாகச் சொல்லிக் கொடுங்கள்.

விற்பனை அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. சாலை, கால்வாய், கழிவுநீர் நிலையம் ஒவ்வொன்றையும் யார் ஏற்பார்? மழைநீர்த் தேக்கக் குளம் எங்கே, யார் தூர்வாருவார்? தடுப்புச் சுவர் என் நில எல்லைக்குள் வருகிறதா? உள்ளே வந்தால் அது உங்கள் பொறுப்பாகிவிடும். பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வழக்கு என்று வந்தால் நிற்காது.

மூன்றாம் கட்டம்: சாவி வாங்கிய பின்

தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைப்பது வழக்கமான ஒப்பந்தக் கெடு. தவறினால் ஆண்டுக்கு விலையில் 10 விழுக்காடு வீதம் நாள்கணக்கில் இழப்பீடு தர வேண்டும். 500,000 ரிங்கிட் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 137 ரிங்கிட். முன்பணம் கட்டிய நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பணத்துக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

‘சிசிசி’ எனப்படும் குடிபுகத் தகுதிச் சான்றிதழை 2007 முதல் நகராண்மைக் கழகம் கொடுப்பதில்லை. திட்டத்துக்குப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கொடுக்கிறார். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர், சாலை வடிகால், தீயணைப்பு ஆகியவற்றுக்கான ஒப்புதல்கள் அதற்கு முன் வர வேண்டும். ஆனால் சிசிசி கிடைத்தாலே சாலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு.

சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதம் குறைநீக்கக் காலம். வீட்டின் விரிசலை மட்டும் பார்க்காமல் கால்வாய், நடைபாதை, பின்சுவர் எல்லாவற்றையும் தேதியுடன் படமெடுங்கள். குறையை எழுத்தில் கொடுத்தால் 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டும். விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். அதில் பாதி 8ஆம் மாதத்திலும் மீதி 24ஆம் மாதத்திலும் மேம்பாட்டாளருக்குப் போய்விடும். அதற்கு முன் புகார் பதிவாகட்டும்.

சரிசெய்யாவிட்டால் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 10 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் தேவையில்லை. சிசிசி கிடைத்ததிலிருந்தோ குறைநீக்கக் காலம் முடிந்ததிலிருந்தோ 12 மாதத்துக்குள் போக வேண்டும். கெடு தாண்டினால் கதவு சாத்தப்படும். அடுக்குமாடி நிர்வாகக் குழு சரிவைக் கவனிக்காவிட்டாலோ கணக்குக் காட்டாவிட்டாலோ நகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். 250,000 ரிங்கிட் வரையிலான பிணக்குகளை அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கும். வீடு கட்டி முடியும் முன்பே வேலை தொடர்ந்து 6 மாதம் நின்றுபோனால், சட்டம் கூறும் நிபந்தனைகளின்படி ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளவும் வழி உண்டு.

மதிப்பீட்டு வரி அதிகம் என்று தோன்றினால் கெடுவுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

மலைச்சரிவை ஒட்டி வாழ்வோர் மழைக்காலத்தில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கக் கூடாது. மண்ணில் புதிய வெடிப்பு, சுவர் முன்பக்கம் பிதுங்குவது, மரங்கள் சாய்வது, சரிவிலிருந்து சேற்று நீர் கசிவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கழகத்துக்கும் தீயணைப்பு மீட்புத் துறைக்கும் உடனே தெரிவித்து வீட்டை விட்டு வெளியேறுங்கள். ஆவணம் பார்க்கும் நேரம் அது அல்ல.

தனி ஒருவரின் கடிதத்தைவிடத் தாமானில் உள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து எழுதும் கடிதத்துக்கு மறுமொழி விரைவாக வரும். குடியிருப்பாளர் சங்கம் இல்லையென்றால் தொடங்குங்கள். முதல் கூட்டத்தில் ஒரு பட்டியல் போடுங்கள்: எந்தச் சாலை, எந்தக் கால்வாய், எந்தச் சுவர் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எந்தத் தேதியில், எது இன்னும் பாக்கி. அந்தப் பட்டியலை நகராண்மைக் கழகத்துக்கும் மேம்பாட்டாளருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே நாளில் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராத வரிகளுக்குத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். நம் பணத்தில் கட்டிய கால்வாய் அது. அடுத்த பெருமழைக்கு முன் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும்.